ஒன்றாம் எண் ஆணி

கரீம் உயிரோடு இருந்தபோது, பரிதா கூடப் போனால் எந்த மரமாக இருந்தாலும் ஒன்றாம் எண் ஆணி அவள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில்தான் இறங்கும். அது தனக்கு மட்டுமே உரிய இடம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மரத்தை அறுக்காமல், ஆழத் துளை போடாமல், உள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது கரீமின் தொழில். அதற்கு முன் பாலங்களின் தூண்களைத் தட்டிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருந்தார். வர்தா புயல் அடித்துவிட்டுப் போன வாரம், பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை சாலை நெடுக விழுந்து கிடந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டரில் வந்தவர், கீழ்க்கட்டளை வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பரிதா, பாதி மரத்துக்கு உள்ள ஒண்ணுமே இல்ல." அடுத்த வருடமே கருவியை வாங்கிவிட்டார்.

அடிமரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு சின்ன ஆணிகள். பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டால் போதும். ஒவ்வொரு ஆணியிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் தொங்கும், அதிலிருந்து ஒரு கேபிள் புறப்படும். ஒன்றாம் ஆணியைச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினால், அந்தச் சத்தம் மற்ற பதினொரு ஆணிகளுக்கும் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆனது என்று லேப்டாப் குறித்துக்கொள்ளும். பிறகு இரண்டாம் ஆணி. பிறகு மூன்று. நல்ல மரத்தில் சத்தம் நேராக ஓடும். பொந்து இருந்தால் சுற்றிக்கொண்டு வரும், நேரமாகும். பன்னிரண்டும் முடிந்தால் திரையில் மரத்தின் வட்டம் வண்ணப் படமாக விழும். கெட்டியான இடம் காப்பிக்கொட்டை நிறம். இளகிய இடம் பச்சை. ஒன்றுமில்லாத இடம் ஊதா.

தட்ட ஒருவர், லேப்டாப்பைப் பார்க்க ஒருவர் என்று இதற்கு இரண்டு பேர் வேண்டும். மகன் இர்ஃபான் அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் சும்மா இருந்த பரிதாதான் இரண்டாவது ஆள் ஆனாள். எண்கள் திரையில் ஏறியதும் அவள் "ம்" என்பாள். கரீம் அடுத்த ஆணிக்கு நகர்வார். பெரிய மரமாக இருந்தால் அவர் மறுபக்கம் போய்விடுவார், முகம் தெரியாது. மூன்று தட்டு, ஒரு ம். மூன்று தட்டு, ஒரு ம். வீட்டில் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டவர்கள் இல்லை.

ஒன்றாம் ஆணியை வடக்கில் அடிக்க வேண்டும் என்பது கருவியோடு வந்த புத்தகம் சொல்லும் விதி. அப்போதுதான் படத்தில் தெரியும் பொந்து மரத்தின் எந்தப் பக்கம் என்று மற்றவர்களுக்குப் புரியும். கரீமும் முதலில் அப்படித்தான் அடித்தார். முதல் வருடமே ஒன்றாம் எண்ணின் கேபிளை எலி கடித்தது. கடித்த இடத்தை வெட்டி ஒட்டியதில் அது மற்றவற்றைவிட ஒரு கை குட்டையாகிவிட்டது. வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரியில் மரத்துக்கு வடக்கே முழுக்கச் சாக்கடை. பரிதா தெற்கே, வேலியோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கேபிள் எட்டவில்லை.

"எழுந்து இந்தப் பக்கம் வாயேன்."

"சாக்கடைல உக்காரச் சொல்றீங்களா?"

கரீம் ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே அடித்தார். "சரி, போ. இனிமே நீ இருக்கற பக்கம்தான் ஒண்ணு. வடக்கு எங்க ஓடிடப்போகுது, வீட்டுக்குப் போய்த் திருப்பிக்கலாம்."

அடுத்த வருடம் கேபிள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினார். பன்னிரண்டும் ஒரே நீளம். ஆனால் ஆணி வடக்குக்குத் திரும்பிப் போகவில்லை. பரிதா நிழல் பார்த்து உட்காருவாள், கரீம் அவளுக்கு நேரே முதல் ஆணியை இறக்குவார். சாயங்காலம் நோட்டில் "ஒன்று, கேன்டீன் பக்கம்", "ஒன்று, கிணற்றுப் பக்கம்" என்று ஒரு வரி எழுதுவார். ரிப்போர்ட் போடும்போது அந்த வரியைப் பார்த்துப் படத்தைத் திருப்பி வைப்பார். இது வேறு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் கரீம் தானாக ஒரு முழம் பூ வாங்கி வந்தவரில்லை. பரிதாவுக்கு இந்த ஆணி போதுமானதாக இருந்தது.

கரீம் இறப்பதற்கு இரண்டு வருடம் முன் அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகியது. குரோம்பேட்டை டாக்டர், ஸ்டூலில் அரை மணி நேரத்துக்குமேல் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் ஜீவிதா வந்தாள். கூடுவாஞ்சேரிப் பெண். தாவரவியலில் எம்.எஸ்சி. இருபத்தைந்து வயது.

"எதுல வர்றா அந்தப் பொண்ணு?" என்று முதல் நாளே பரிதா கேட்டாள்.

"தாம்பரம் வரைக்கும் ட்ரெயின்."

"அங்கேர்ந்து?"

"ஷேர் ஆட்டோ."

"நீங்களும் தாம்பரம் வழியாத்தானே போறீங்க?"

"பின் சீட்ல பெட்டி இருக்கே. அவள எங்க ஏத்தறது?"

பரிதா கூடப் போன காலத்தில் அந்தப் பெட்டி அவள் மடியில் இருந்தது. அதை அவள் நினைவுபடுத்தவில்லை. மறுநாளிலிருந்து முதுகு வலித்தாலும் காலையில் பெட்டியைப் பின் சீட்டில் கட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். ரப்பர் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, கொக்கியை இழுத்து மாட்டுவாள். அதை அவிழ்க்கக் கால் மணி நேரம் ஆகும்.

"குண்டு வெச்சாலும் கழலாது போல" என்பார் கரீம்.

"ரோடு சரியில்ல" என்பாள் பரிதா.

கேட்க முடியாத கேள்வி ஒன்றே ஒன்று. ஒன்றாம் ஆணி இப்போது எங்கே இறங்குகிறது? கேட்டால் சிரிப்பார். சிரித்துவிட்டு "உனக்கு என்ன பைத்தியமா" என்பார். அவர் குளிக்கப் போன நேரத்தில் நோட்டை எடுத்துப் பார்த்தாள். "ஒன்று, கேட் பக்கம்." "ஒன்று, பார்க்கிங் பக்கம்." அந்தப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நோட்டு சொல்லவில்லை. இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டின் தூங்குமூஞ்சி மரம்தான் கரீம் கடைசியாகப் பார்த்த மரம். அன்று சாயங்காலம் வந்தவர் அசதியாக இருக்கிறது என்று படுத்துவிட்டார். நோட்டில் எழுதவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாள் விடிகாலைத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது கை குளிர்ந்திருந்தது.

பரிதா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவளுக்கு விதித்தபடி நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டவில்லை. உறவுக்காரப் பெண்கள் வந்து போனார்கள். ஜீவிதாவும் சனிக்கிழமை தவறாமல் வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவாள். நல்ல பெண்தான். அதுதான் பரிதாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கரீம் வெளியில் இருந்த கடைசி நாள் அவள் கையில் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"அன்னிக்கு காலைல என்ன சாப்பிட்டார்?"

"பொங்கலும் வடையும்க்கா. சேலையூர்ல ஒரு கடை. வடைய எனக்குக் குடுத்துட்டாரு. எண்ணெய் ஒத்துக்கலைன்னாரு."

வீட்டில் பரிதா சுட்ட வடையை எண்ணெய் என்று ஒரு நாளும் ஒதுக்கியவரில்லை. அந்த வடையை நினைத்து இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தா இருக்கும் பெண் சாப்பிடாமல் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

இரண்டாம் மாதம் ஜீவிதா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அபார்ட்மென்ட்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள், கிளை வெட்ட அனுமதிக்கு எழுத வேண்டும், சார் வேலையை முடித்திருந்தார், படம் லேப்டாப்பில் இருந்தது, தானே எழுதிவிட்டேன் என்றாள். "ஒரு தடவை பாத்துடுங்கக்கா."

அபார்ட்மென்டின் வரைபடத்தின் மேல் மரத்தின் வண்ண வட்டம் ஒட்டியிருந்தது. வட்டத்தின் உச்சியில் 1 என்ற எண். அதற்கு நேரே வடக்கு என்ற அம்புக்குறி. ஊதா நிறம் அந்த உச்சியில்தான் அப்பியிருந்தது. மரம் இரண்டு பெரிய கிளையாகப் பிரிகிறது. வடக்கே பொந்து, எனவே கேட் மேல் சாய்ந்திருக்கும் வடக்குக் கிளையை எடுக்க வேண்டும், தெற்குக் கிளை பத்திரம் என்று கீழே எழுதியிருந்தாள்.

"ஒண்ணு வடக்கா?" என்றாள் பரிதா.

"ஆமாக்கா. ஒண்ணு எப்பவும் நார்த்துதானே. புக்லயே இருக்கே."

பரிதா காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நெஞ்சில் ஏதோ கட்டு அவிழ்ந்தது. இந்தப் பெண்ணோடு வேலை செய்தபோது கரீம் புத்தகத்தில் உள்ளபடி அடித்திருக்கிறார். நோட்டில் படித்த கேட் பக்கமும் பார்க்கிங் பக்கமும் வடக்காகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வடக்கு யாருடைய பக்கமும் இல்லை. அவர் போய் இரண்டு மாதத்தில் பரிதா அன்றைக்குத்தான் முதல்முறையாக யாரும் சொல்லாமல் டீ போட்டாள். ஜீவிதாவுக்குச் சர்க்கரை தூக்கலாகவே போட்டாள்.

"அவர் தட்டும்போது நீ என்ன சொல்லுவே? அடுத்ததுக்குப் போறதுக்கு?"

"ஓகே சார்னு சொல்வேன்."

அதுவும் நல்லதாகப் போயிற்று.

இத்தா முடிந்த மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது போனில் ஜீவிதாவிடமிருந்து ஒரு படம் வந்தது. "அக்கா, நாளைக்கு காலைல ராஜகீழ்ப்பாக்கத்துல கிளை வெட்டறாங்க, நானும் போறேன். போன்ல தேடும்போது இது கிடைச்சுது. சாரோட கடைசி போட்டோ."

மரத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி கரீம் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் சுத்தியல். பல் தெரியச் சிரிப்பு. பரிதா முதலில் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது தெரிந்ததுதான். பிறகு சட்டையைப் பார்த்தாள், அவள் இஸ்திரி போட்ட சட்டை. அதற்குப் பிறகுதான் படத்தின் நட்டநடுவில், அடிமரத்தில், சென்சாரின் மஞ்சள் எண் அட்டை தொங்குவதைப் பார்த்தாள். 1.

ஒன்றாம் ஆணி, படம் எடுத்தவளுக்கு நேரே இருந்தது.

விரலால் பெரிதாக்கினாள். மரத்துக்குப் பின்னால் பச்சை நிற இரும்பு கேட். அதை ஒட்டி டிரான்ஸ்ஃபார்மர். எழுந்து போய் ரிப்போர்ட்டின் நகலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். வரைபடத்தில் கேட் வடக்கே இருக்கிறது. மரத்துக்குப் பின்னால் கேட் தெரிந்தால், படம் எடுத்தவள் மரத்துக்குத் தெற்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒன்று தெற்கு. ரிப்போர்ட் தலைகீழ். பொந்து இருப்பது தெற்கே. நாளைக் காலையில் வெட்டப்போவது நல்ல கிளையை. அது போய்விட்டால் மரத்தின் பாரம் முழுக்கப் பொந்துப் பக்கம் சாயும்.

இதெல்லாம் அவள் மனதில் இரண்டாவதாகத்தான் ஓடியது. முதலில் ஓடியது வேறு. கொடுத்துவிட்டார். அவளுக்கும் கொடுத்துவிட்டார்.

போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? "ஒண்ணு வடக்குல இல்லம்மா, நீ உக்காந்த பக்கம் அடிச்சிருக்கார்" என்று சொல்ல வேண்டும். ஏன் அக்கா என்று கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள், படித்த பெண். அவளுக்கு இதுவரை எதுவும் தெரியாது. தெரியாமல் கிடைத்ததைத் தெரிந்து கிடைத்ததாக ஆக்கிக் கொடுக்கும் வேலையைப் பரிதாதான் செய்ய வேண்டும். அசர் பாங்கு சொன்னார்கள். தொழுதாள். மறுபடி போனை எடுத்தாள். இர்ஃபான் சிறுசேரியிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்து, "என்னம்மா, யாருக்குப் பேசணும்?" என்றான். "யாருக்கும் இல்ல. காலைல ஆறரைக்கு ஒரு ஆட்டோ போட்டுக் குடு" என்றாள்.

மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தபோது குப்புராஜ் மரத்தின் மேல் இருந்தார். அந்தப் பக்கத்தில் கிளை வெட்டப் பேர்போனவர். வடக்குக் கிளையில் கயிறு கட்டியாகிவிட்டது. கீழே இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். அபார்ட்மென்ட் செயலாளர் ஸ்ரீவத்சன் ஒரு கையில் ரிப்போர்ட்டோடும் இன்னொரு கையில் காப்பியோடும் நின்றார். தெற்குக் கிளைக்கு நேர் கீழே, நிழலில், அமலராணியின் இஸ்திரி வண்டி. கரி ஊதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!" ஜீவிதா ஓடி வந்தாள். "நீங்களே வந்துட்டீங்களா? முதுகு?"

"வெட்டவேணாம்னு சொல்லு. அந்தக் கிளை இல்ல."

மேலிருந்து குப்புராஜ் குனிந்து பார்த்தார். "இன்னாக்கா சொல்ற? ரிப்போர்ட்ல இந்தக் கெளைன்னு போட்டுக்கீது. மிசினு ஸ்டார்ட் பண்ணப்போற நேரத்துல வந்து பேஜார் பண்றியே."

"பொந்து இந்தப் பக்கம் இல்ல. வண்டி இருக்கற பக்கம்."

அமலராணி நிமிர்ந்தாள். "எந்த வண்டி? என் வண்டியா?" மேலே தெற்குக் கிளையைப் பார்த்தாள். "யம்மாடி! எட்டு வருசமா இதுக்குக் கீழதான் நின்னுகினு கீறேன்."

பரிதா மரத்தைச் சுற்றி நடந்தாள். நான்கு மாத மழையிலும் வெயிலிலும் ஆணித் துளைகள் மூடியிருக்கவில்லை. ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் கரீம் மெழுகுக் கட்டியால் எழுதிய எண் மங்கலாக இருந்தது. இஸ்திரி வண்டிக்கு நேரே, இடுப்புயரத்தில், 1. அவருடைய ஒன்று, மேலே ஒரு சின்னக் கொக்கியோடு. அவள் கட்டைவிரலை அந்தத் துளையின் மேல் வைத்தாள்.

"இங்கதான் அந்த பாய் மொத ஆணி அடிச்சாரு" என்றாள் அமலராணி. "இந்தப் பொண்ணு என் ஸ்டூலு மேலதான் உக்காந்துகினு இருந்துச்சு. நல்ல மனுசன். ரெண்டு பேரும் சிரிச்சிகினே வேலை செஞ்சாங்கோ."

"எதுக்குச் சிரிச்சாங்க?" வாயை மூடிக்கொள்ள முடியவில்லை பரிதாவால்.

"எனுக்கு இன்னா தெரியும்? நான் துணி தேச்சிகினு இருந்தேன்."

ஸ்ரீவத்சன் காப்பியைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தார். "மேடம், ஒரு நிமிஷம். பர்மிஷன் லெட்டர்ல நார்த் சைடு கிளைன்னு தெளிவா இருக்கு. இப்ப சவுத்னா நான் திரும்ப எழுதணும். கமிட்டில கேப்பாங்க. அப்ப கரீம் சார்தான் மிஸ்டேக் பண்ணிட்டாரா?"

"சார் தப்பு பண்ண மாட்டாரு" என்றாள் ஜீவிதா. முகம் வெளுத்திருந்தது. "நான்தான். எனக்குத் திசையே வராதுக்கா. சார் வந்தவுடனே 'அங்க நிழல்ல உக்காரு'ம்பாரு. நேரா வந்து எனக்கு முன்னாடி ஒண்ண அடிப்பாரு. திசையே பாக்க மாட்டாரு. அவருக்கு வடக்கு பாக்காமயே தெரியும்போல, அதான் நம்மள எப்பவும் வடக்குல உக்கார வெக்கறாருன்னு நினைச்சுட்டேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்க்கா. முதல் நாள்லேர்ந்து."

எப்பவும். இரண்டு வருடம். பரிதா கட்டிய ரப்பர் கயிற்றை ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் அவிழ்த்து, பெட்டியை இறக்கி, ஆணியை எடுத்துப் போய் இந்தப் பெண்ணுக்கு முன்னால் அடித்திருக்கிறார்.

எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் கரீமின் பேர் நிற்கும். எங்கள் இருவருக்குள் ஒரு பழக்கம், அதனால் அப்படி அடித்தார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து அது ஜீவிதாவுக்கும் சொந்தம். வீட்டுக்குப் போய் அந்த போட்டோவை மறுபடி எடுத்துப் பார்ப்பாள். நாற்பது வயதிலும் எடுத்துப் பார்ப்பாள். சொல்லாவிட்டால், செத்தவர் கடைசி வேலையில் கோட்டை விட்டார் என்று ஸ்ரீவத்சன் கமிட்டியில் எழுதுவார்.

"கேபிள்" என்றாள் பரிதா.

"என்ன மேடம்?"

"ஒண்ணாம் நம்பர் கேபிள எலி கடிச்சிடுச்சு. வெட்டி ஒட்டினதுல குட்டையாயிடுச்சு. லேப்டாப் இருக்கற பக்கம்தான் எட்டும். அதனால முதல் ஆணிய அங்க அடிச்சிட்டு, வீட்டுக்கு வந்து வடக்கைத் திருப்பி வெப்பார். இந்தத் தடவை திருப்ப அவருக்கு நேரம் இல்ல." ஸ்ரீவத்சன் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கி மடித்தாள். "தப்பு யார் மேலயும் இல்ல. இப்ப மறுபடி தட்டிப் பாத்துடலாம், உங்க கண் முன்னாடியே. புது ரிப்போர்ட் வெச்சு எழுதுங்க."

"அது பெட்டர்" என்றார் ஸ்ரீவத்சன். "குப்புராஜ், நீங்க இறங்குங்க."

"எறங்கறதா? மெனக்கெட்டு இப்பதாங்க ஏறினேன்" என்று முனகிக்கொண்டே குப்புராஜ் கிளையிலேயே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நீங்க தட்டுங்க. நான் இங்கயே கீறேன்."

ஜீவிதா பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். தரையில் துண்டை விரித்து, சென்சார்களை வரிசையாக வைத்து, கேபிள்களைப் பிரித்துப் போட்டாள். பன்னிரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நீண்டு கிடந்தன. ஒன்றாம் எண்ணின் நுனியும் பன்னிரண்டாம் எண்ணின் நுனியும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஜீவிதா அதையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பரிதாவைப் பார்த்தாள். பரிதா பார்வையை அகற்றவில்லை. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று பரிதாவுக்கு இன்றுவரை தெரியாது.

"நீ தட்டு. நான் லேப்டாப் பாக்கறேன்."

"முதுகு வலிக்கும்க்கா."

"வலிக்கட்டும்."

அமலராணி அதே ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தாள். பரிதா அதில், வண்டிக்குப் பக்கத்தில், மரத்துக்குத் தெற்கே உட்கார்ந்தாள். ஜீவிதா முதல் சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போன் இருந்தது, அதில் திசைகாட்டி இருந்தது, புத்தகமும் பெட்டியில் இருந்தது. இருந்தும் அவள் கேட்டாள்:

"ஒண்ணு எங்கக்கா அடிக்கட்டும்?"

பரிதாவுக்கு நேரே கரீமின் பழைய துளை இருந்தது. அதில் இறக்கினால் போதும்.

"வடக்கு" என்றாள். "இனிமே எந்த மரமானாலும் வடக்கு. புக்ல இருக்கற மாதிரி."

ஜீவிதா மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். முகம் மறைந்துவிட்டது. பரிதாவுக்கு முன்னால் ஏழாம் எண் வந்து தொங்கியது.

மூன்று தட்டு. எண்கள் திரையில் ஏறின.

"ம்" என்றாள் பரிதா.

அடுத்த தட்டு வரவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஜீவிதாவின் தலை மட்டும் நீண்டது, போட்டோவில் கரீம் நீட்டியிருந்த மாதிரியே.

"அக்கா, சாரும் இப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

"எப்போ?"

"அன்னிக்குத்தான். 'என்ன ஆபீஸ் மாதிரி ஓகே சார் ஓகே சார்னு, ம்-னு சொல்லேன், எனக்குக் காது பழகிப்போச்சு'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிச்சதப் பாத்து அவரும் சிரிச்சாரு. அப்ப எடுத்ததுதான் அந்த போட்டோ."

காது பழகிப்போச்சு என்றால் எந்தக் குரலுக்குப் பழகியது என்று பரிதாவுக்குத் தெரியும். அதைப் போய் இவளிடம் கேட்டிருக்கிறார் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் போதவில்லை.

"நீ சொன்னியா?"

கேட்டுவிட்டாள். பதில் வருவதற்குள் இஸ்திரிப் பெட்டியில் ஒரு கரித்துண்டு வெடித்தது.

"இல்லக்கா. ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. ஓகே சார்னுதான் சொன்னேன்."

பரிதா திரைப் பக்கம் திரும்பினாள். "சரி. ரெண்டுக்குப் போ."

பன்னிரண்டு ஆணிக்கும் அவள் ம் சொன்னாள். வேண்டியதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். எட்டாம் எண்ணில் முதுகு பிடித்துக்கொண்டது. அமலராணி துணி மூட்டை ஒன்றை இடுப்புக்கு முட்டுக்கொடுத்தாள். பன்னிரண்டாவது முடிந்ததும் ஸ்ரீவத்சன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். ஜீவிதாவும் வந்தாள். திரையில் வட்டம் மெல்ல நிறைந்தது. மேலே, வடக்கில், காப்பிக்கொட்டை நிறம் கெட்டியாக நின்றது. நடுவில் பச்சை கசிந்தது. கீழே, ஏழாம் எண்ணைச் சுற்றி, ஒரு பிடி அளவுக்கு ஊதா விழுந்து, அகலமாகி, விளிம்பு வரை வந்தது.

கிளையிலிருந்து குப்புராஜ் கத்தினார். "இன்னாக்கா, முடிஞ்சிதா? எந்தப் பக்கம் பொந்து?"

ஜீவிதா பதில் சொல்ல வாயெடுத்தாள். பரிதா முந்திக்கொண்டாள்.

"நான் உக்காந்திருக்கற பக்கம்."